வாசகர் கேள்வி – பதில்: துறைமுகத்துக்குப் போகாத அந்த நாள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு ஒரே பொருளைப் பற்றியவை. எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். வயதும் ஊரும் வேறு வேறு. ஆனாலும், என்றோ எடுத்த ஒரு முடிவு இன்றுவரை நெஞ்சை அறுத்துக்கொண்டிருக்கிறதே, அதற்கு என்ன செய்வது என்றுதான் நால்வரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த நான்கிற்கு மட்டும் இம்முறை பதில் எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் ஊரையும் வயதையும் மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி (பெகு, ஆண், வயது 79):

சயாமா (ஆசிரியை) அவர்களுக்கு வணக்கம். 1965ஆம் ஆண்டில் எனக்கு வயது 19. என் தகப்பனார் இங்கே பர்மாவில், பெகு கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். 1964இல் கடை அரசுடைமையாயிற்று. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது கையிருப்பும் போயிற்று. மறு ஆண்டு அப்பாவும் அம்மாவும் 12 வயதுத் தங்கையும் ரங்கூனில் கப்பலேறி மதராசுக்குப் போய்விட்டார்கள். எங்கள் அப்பாயி, பிறந்த மண்ணை விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்ததால் நான் அவரோடு தங்கிவிட்டேன். அப்பாவுக்கு அதில் சம்மதமில்லை. பேச்சு முற்றிப்போய், கப்பல் புறப்பட்ட அன்று நான் துறைமுகத்துக்குப் போகவில்லை. அப்பாயி இரண்டே ஆண்டில் காலமானார். அப்பா 1979இல் திருச்சியில் இறந்தார். அந்தச் செய்தி கடிதமாக வந்து சேர்வதற்குள் பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. இன்று தங்கையின் பிள்ளைகள் படித்துப் பெரிய வேலைகளில் இருக்கிறார்கள். என் பிள்ளைகளோ, குடிமக்களை வகை பிரித்த 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, அந்த வகையைக் காட்டும் அடையாள அட்டையின் நிறத்துக்கு விளக்கம் சொல்லியே பாதி வாழ்நாளைக் கழித்தார்கள். அன்று நானும் கப்பலேறியிருந்தால் இவர்களுடைய வாழ்க்கை வேறாக இருந்திருக்குமே என்ற நினைப்பில் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. இந்த வயதில் இதை எப்படி மனத்திலிருந்து இறக்கி வைப்பது?

பதில்:

ஐயா, நீங்கள் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தை இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அதை மூன்று முறை படித்த பிறகே பதில் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்தப் பத்தொன்பது வயதுப் பையனுக்காகச் சிறிது பேச விரும்புகிறேன். அவனை அறுபது ஆண்டுகளாகக் கூண்டில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அவனுக்கு அன்று என்ன தெரியும்? கடை போய்விட்டது தெரியும். நடக்கத் தள்ளாடும் ஒரு கிழவியைத் தனியே விட்டுவிட்டுப் போனால் அவருக்குக் கஞ்சி காய்ச்சித் தர ஆளில்லை என்பது தெரியும். மதராஸ் என்பது அவன் கண்ணால் கண்டிராத ஊர். அப்பாயி இரண்டு ஆண்டில் இறந்துபோவார் என்பதோ, பதினேழு ஆண்டு கழித்து ஒரு சட்டம் வரும் என்பதோ, அப்போது பன்னிரண்டு வயதாயிருந்த தங்கைக்குப் பிள்ளைகள் பிறந்து பொறியியல் படிப்பார்கள் என்பதோ அவனுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. நீங்கள் அவன்மீது சுமத்துகிற குற்றங்கள் எல்லாம் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. ஒரு பேச்சுக்காக, உங்கள் அப்பாயி இன்னும் பதினைந்து ஆண்டு உயிரோடிருந்து, உங்கள் கையால் சோறு வாங்கி உண்டு, உங்கள் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்திருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அந்த முடிவைத் தவறு என்று சொல்லியிருப்பீர்களா? முடிவு அதேதான், அதை எடுத்த மனமும் அதேதான். மாறியிருப்பது பின்னால் வந்த விளைவு மட்டும்.

இரண்டாவதாக, நீங்கள் போகாத அந்தப் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் வாழ்ந்த வாழ்க்கையின் நல்லது கெட்டது இரண்டும் நமக்குத் தெரியும். வாழாத வாழ்க்கையையோ நாமே கற்பனையில் கட்டுகிறோம், அதில் கெட்டதை வைப்பதில்லை. 1960களில் இந்நாட்டை விட்டுப் புறப்பட்ட இந்தியர்கள் ஏறக்குறைய 3 லட்சம் பேர். என் அக்காவும் அவர்களில் ஒருத்தி. 1966இல் அவள் புறப்பட்டபோது எனக்குப் பத்து வயது. சோதனை மேசையில் காதுத் தோட்டைக் கழற்றச் சொன்னார்கள். துளை தூர்ந்துவிடக் கூடாது என்று அம்மா அங்கேயே கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை ஒடித்து, இரண்டு துண்டாக்கி, அக்காவின் இரண்டு காதிலும் செருகிவிட்டாள். அந்த ஈர்க்குத் துண்டுகளோடுதான் அவள் கப்பலேறினாள். மதராசில் இறங்கிய பின் முகாமில் ஓராண்டுக்கு மேல் இருந்தார்கள். பிறகு அவள் கணவர் நடைபாதையில் துணி விரித்துக் கைக்கடிகாரமும் குடையும் விற்றார். 1969இல் சென்னையில் பர்மா பஜார் அமைந்தபோது அங்கே ஒரு கடையில் கூலிக்கு நின்றார். பல ஆண்டுகள் கழித்து ஊருக்கு வந்த அக்கா என்னிடம் சொன்னது இதுதான்: “முகாமில் படுத்தால் ஒவ்வொரு இரவும், ஏன்தான் வந்தோமோ, அங்கேயே கிடந்திருக்கலாமே என்றுதான் நினைப்பேன்.” நீங்கள் இங்கே விழித்திருந்த அதே இரவுகளில், அங்கே அவளும் விழித்திருந்தாள்.

அவள் நினைத்ததோடு நின்றாள். நினைத்ததைச் செய்தே பார்த்தவர்களும் உண்டு. இந்தியாவில் இறங்கிய தமிழர்களில் சிலர் அங்கே காலூன்ற முடியாமல், மணிப்பூர் வழியாக நடந்தே மீண்டும் பர்மாவுக்குள் வந்துவிடப் புறப்பட்டார்கள். எல்லையில் தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பிப் போகவும் மனமில்லாமல், நம் தமு நகருக்கு எதிரே, எல்லைக்கு அந்தப் பக்கமுள்ள மோரே என்ற ஊரிலேயே குடிசை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்க் குடும்பங்களும் அங்காளபரமேசுவரி கோயிலும் இருக்கின்றன. கப்பலேறியதற்காக வருந்திய தமிழர்கள் கட்டிய ஊர் அது. உங்கள் தங்கை பிள்ளைகளின் இன்றைய நிலையை மட்டும் வைத்து அந்தப் பாதையை அளக்காதீர்கள். அந்தப் பாதையில் உங்கள் அப்பாவும் அம்மாவும் முதல் பத்தாண்டு எப்படி நடந்தார்கள் என்று தங்கையிடம் எப்போதாவது கேட்டதுண்டா?

இவ்வளவும் எழுதிய பிறகும், உங்கள் மனத்தின் முள் இதுவல்ல என்றே எனக்குப் படுகிறது. சட்டம், அட்டை, பிள்ளைகளின் படிப்பு, நிலபுலன் ஆகியவற்றைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவற்றுக்கு நடுவே, “கப்பல் புறப்பட்ட அன்று நான் துறைமுகத்துக்குப் போகவில்லை” என்று ஒரே ஒரு வரி. அதற்கு விளக்கம் இல்லை. அடுத்த வரியிலேயே வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறீர்கள். மற்ற எல்லாவற்றையும் பற்றி “தவறான முடிவு” என்று எழுதிய நீங்கள், இதைப் பற்றி அந்தச் சொல்லைக்கூட எழுதவில்லை. அப்பாயியோடு தங்கியதற்கு யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். உங்களை இரவில் எழுப்புவது, அப்பாவிடம் விடைபெறாமல் அனுப்பிவிட்டோமே, பிறகு கொள்ளி வைக்கவும் கொடுத்துவைக்கவில்லையே என்ற துக்கமாக இருக்கலாம். துக்கத்தைத் தவறு என்று பெயரிட்டு வைத்திருந்தால், அதற்காக அழவும் முடியாது, திருத்தவும் முடியாது. நான் கருதுவது பிழையானால் மன்னியுங்கள்.

பிழையில்லையென்றால், செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தக் கப்பலின் மேல்தளத்தில் நின்றவர்களில் உங்கள் தங்கை மட்டுமே இன்று உயிரோடிருக்கிறார். அப்பா கரையிலிருந்த கூட்டத்தை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நின்றார், என்ன சொன்னார், பிந்திய ஆண்டுகளில் உங்கள் பேரை எப்போதெல்லாம் எடுத்தார் என்பதெல்லாம் தங்கைக்கு மட்டுமே தெரியும். மாதம் இரண்டு முறை தொலைபேசியில் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை உடம்பு எப்படி, மழை எப்படி என்பதோடு நிறுத்தாமல், அன்று நான் ஏன் வரவில்லை தெரியுமா என்று தொடங்குங்கள். கேட்கக் கடினமான பதிலும் வரலாம். ஆனால் இரண்டு மணி இருட்டில் நீங்களே அப்பாவின் குரலில் உங்களுக்குச் சொல்லிக்கொள்வதைவிட அது கடுமையாக இருக்காது.

பேசுவதற்கு முன் வாய் எழவில்லையென்றால் எழுதிப் பாருங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மாணவர்கள் சிலரை, மனத்தை வருத்தும் பழைய நிகழ்ச்சியைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு நாள் தொடர்ந்து எழுதச் செய்தார். எழுதிய உடனே அவர்களுக்கு மனம் கனத்தது. ஆனால், நடந்ததோடு தங்கள் மனத்தில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். அப்பாவுக்கே கடிதமாக எழுதுங்கள். முதல் நாள் மனம் கனத்தால் நிறுத்திவிடாதீர்கள். வரும் அமாவாசையில் ஆற்றங்கரையில் அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது, விரும்பினால் அந்தக் கடிதத்தை அங்கே உரக்கப் படிக்கலாம்.

இன்னொன்று: தூக்கமின்மையோடு பசியும் குறைந்து, எதிலும் பிடிப்பின்றி வாரக்கணக்கில் இருக்கிறதென்றால், அதை வயதின் குணம் என்று விட்டுவிட வேண்டாம். முதுமையில் வரும் மனச்சோர்வுக்கு மருத்துவம் உண்டு. பேரனை அழைத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (மாந்தளை, பெண், வயது 27):

2019இல் சிங்கப்பூரில் வேலை கிடைத்தும், அப்பாவின் நோய் காரணமாகப் போகவில்லை. அப்பா 2021இல் காலமானார். என்னோடு படித்தவர்கள் எல்லோரும் இன்று நன்றாக இருக்கிறார்கள். நான் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டேனா?

பதில்:

இல்லையம்மா. அப்பாவின் கடைசி இரண்டு ஆண்டுகள் உன்னிடம் இருக்கின்றன. அது எத்தனை பெரியது என்பதை, மேலே பெகுவிலிருந்து எழுதியிருக்கும் பெரியவர் உனக்குச் சொல்வார். தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற இரு உளவியலாளர்கள் 1990களில் நடத்திய ஆய்வுகளில், அண்மையில் நடந்தவற்றை நினைக்கும்போது செய்த செயல்கள் அதிகம் உறுத்துவதையும், வாழ்நாள் முழுவதையும் திரும்பிப் பார்க்கும்போது செய்யாமல் விட்டவையே அதிகம் உறுத்துவதையும் கண்டார்கள். ஆகவே உனக்கு இப்போது இருப்பது வெறும் பொறாமை என்று தள்ளிவிட மாட்டேன். அதைக் கவனத்தோடு கேட்க வேண்டும். 1965இன் கப்பல் திரும்பி வராது. 27 வயதில் உன் படிப்புக்கும் கைத்திறனுக்கும் இன்னும் இடம் இருக்கிறது. தோழிகளில் ஒருத்திக்கு இந்த வாரமே எழுதி, அங்கே இப்போது என்ன தகுதி கேட்கிறார்கள், எந்தச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும் என்று விசாரித்துக்கொள்.

கேள்வி (சிரியம், ஆண், வயது 66):

1987இல் எனக்கு 28 வயது. வாடகைக்கு ஓட்ட ஒரு பழைய வண்டி வாங்குவதற்காக, அப்பா வைத்துவிட்டுப் போன மனையை விற்றேன். வண்டிக்காரர் இரண்டு வாரம் தவணை கேட்டார். அதுவரை பணத்தைத் தங்கமாக மாற்றி வைக்கும்படி என் மனைவி சொன்னாள். “உனக்கு என்ன தெரியும், வாயை மூடு” என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டேன். பணம் முழுவதும் 75 கியாட் நோட்டுகளாக அரிசிப் பானைக்குள் இருந்தது. செப்டம்பர் 5ஆம் தேதி அவை செல்லாமல் போயின. 1964, 1985 என்று இரண்டு முறை கண்ணால் கண்டும் எனக்குப் புத்தி வரவில்லையே என்று இன்றும் தலையில் அடித்துக்கொள்கிறேன். அந்த நோட்டுகளில் ஒன்றை மனைவி இன்றும் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

பதில்:

உங்கள் கடிதத்தில் இரண்டு வருத்தங்கள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தால்தான் வழி தெரியும்.

பணம் போனதற்கு நீங்கள் பொறுப்பல்ல. 1985 நவம்பரில் 20, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போனபோது ஓரளவுக்காவது மாற்றிக்கொள்ள வழி இருந்தது. அவற்றுக்குப் பதிலாகத்தான் 75 கியாட் நோட்டு வந்தது. பழைய நோட்டை ஒழித்து வெளியிட்ட புத்தம்புது நோட்டை 22 மாதத்தில், ஒரு காசும் ஈடு கொடுக்காமல் மீண்டும் ஒழிப்பார்கள் என்று யார் எதிர்பார்த்தார்கள்? பரீட்சைக் கட்டணம் கட்ட வைத்திருந்த பணத்தை இழந்த கல்லூரி மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள்; ஊர் ஊராக மக்கள் உங்களோடு சேர்ந்து இழந்தார்கள். அவர்கள் அத்தனை பேருக்குமா புத்தி இல்லை? “அப்போதே தெரிந்திருக்க வேண்டும்” என்ற எண்ணம் மனத்தின் இயல்பான ஏமாற்று. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் செல்வதற்கு முன், பாரூக் ஃபிஷ்ஹாஃப், ரூத் பேத் என்ற இரு ஆய்வாளர்கள் இஸ்ரேலில் மாணவர்களிடம், அந்தப் பயணங்களில் என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று எழுதி வாங்கினார்கள். பயணம் முடிந்த பின், முன்பு நீங்கள் எழுதியதை நினைவுபடுத்திச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நடந்துவிட்ட காரியங்களுக்குத் தாங்கள் உண்மையில் எழுதியதைவிட அதிக வாய்ப்புக் கொடுத்திருந்ததாகவே பலரும் நினைவுகூர்ந்தார்கள். உங்களுக்கும் அதுவே நேர்ந்திருக்கிறது. 5ஆம் தேதிக்கு முந்திய நாள் உங்களுக்குத் தெரிந்திருந்தது ஒன்றுமில்லை.

ஆனால், “வாயை மூடு” என்று சொன்னது உங்களுடையது. அதை எந்த அரசாங்கமும் செய்யவில்லை. நோட்டுகள் செல்லுபடியாகி, வண்டி வாங்கி, வசதியாக வாழ்ந்திருந்தாலும் அந்தச் சொல் தவறாகவே இருந்திருக்கும். இந்த ஒன்றுக்காக நீங்கள் வருந்துவது சரியே. அந்த வருத்தத்தைக் குறைக்க நான் முயல மாட்டேன். முப்பத்தெட்டு ஆண்டுகளாகத் தலையில் அடித்துக்கொண்டது பணத்துக்காக. மனைவியிடம் ஒரு முறையாவது மன்னிப்புக் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

அந்த நோட்டை அவர் ஏன் வைத்திருக்கிறார் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. கோபமாக இருக்கலாம், உங்களுக்கே தெரியாத வேறு நினைவாகவும் இருக்கலாம். நீங்களே படத்துக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து அவர் கையில் கொடுத்து, “அன்று அப்படிப் பேசியது தப்பு” என்று சொல்லுங்கள். அன்று பத்துப் பேர் முன்னால் பேசியதால், இன்று பிள்ளைகள் இருக்கும்போதே சொல்வது முறை. பதிலுக்கு அவசரப்படுத்தாதீர்கள்.

கேள்வி (ரங்கூன், பெண், வயது 52):

பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பின்தங்கிவிடக் கூடாது என்று சிறு வயது முதலே வீட்டில் பர்மிய மொழியில்தான் பேசினோம். இப்போது மகனுக்கு 24 வயது, தமிழ் புரியாது. என் மாமியாரோ தமிழ் தவிர வேறு பேசமாட்டார். இருவரும் ஒரே வீட்டில், ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொள்வதோடு சரி. என் முடிவால் வந்த வினை இது என்று குற்ற உணர்வாக இருக்கிறது.

பதில்:

அம்மா, என் மூத்த மகளிடம் நானும் அப்படியே நடந்துகொண்டேன். தமிழ் சொல்லித் தருவதையே தொழிலாகக் கொண்டிருந்தும் அப்படிச் செய்தேன். 1960களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபோது தமிழ்ப் பள்ளிக்கூடங்களும் போயின; அதன்பின் கோயில் மண்டபத்தில் விடுமுறைக் காலத்தில் நடக்கும் வகுப்புதான் நமக்கு மிச்சம். அந்தச் சூழலில் பிள்ளை வகுப்பில் ஊமையாக உட்காரக் கூடாது என்று ஒரு தாய் அஞ்சியதில் தவறு காண மாட்டேன். இருந்தாலும் இழப்பு இழப்புதான். என் மகள் முப்பது வயதுக்கு மேல்தான் தமிழ் கற்கத் தொடங்கினாள். முதலில் கற்ற வாக்கியம், தன் பாட்டி தினமும் அவளிடம் சொல்லி, அவள் விளங்காமல் தலையாட்டி வந்த “சாப்பிட்டியா, கண்ணு” என்பதே. அதற்குப் பதிலாக “இன்னும் இல்லை, பாட்டி” என்று அவள் சொன்ன அன்று, என் அம்மா ஆய்ந்துகொண்டிருந்த முருங்கைக்கீரை முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு, இன்னொரு முறை சொல்லு, இன்னொரு முறை சொல்லு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆகவே மகனிடம் அரிச்சுவடியைக் கொடுக்க வேண்டாம். பாட்டி ஒரு நாளில் அவனைப் பார்த்துச் சொல்லும் வாக்கியங்கள் ஏழெட்டுக்கு மேல் இராது. அவற்றைக் கைபேசியில் அவர் குரலிலேயே பதிவுசெய்து, பொருளைப் பர்மிய எழுத்தில் எழுதி அவனிடம் கொடுங்கள். பதில் சொல்லத் தேவையான ஏழெட்டை நீங்கள் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்காதீர்கள். அடுப்படியில் வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விடுங்கள். எழுத்து கற்க அவனுக்கே விருப்பம் வந்தால், கோடை விடுமுறை வகுப்பு பற்றிக் கோயிலில் விசாரியுங்கள். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைகளோடு ஒரே பாயில் அவனை உட்கார வைத்தால் மறுநாள் வரமாட்டான். பெரியவர்களுக்குத் தனி நேரம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை நான்கு மணிக்குமேல் நான் வீட்டில்தான் இருக்கிறேன்.